யமஹாவிலிருந்து கோர்குக்கு: பாட்டு கூட வரும், கோப்பு வராது

பல ஆண்டுகள் யமஹா பிஎஸ்ஆர்-எஸ்970 வாசித்துவிட்டு இப்போது கோர்க் பிஏ1000-க்கு மாறியிருக்கிறேன். இரண்டும், இடது கை பிடிக்கும் கார்டுக்கு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) ஏற்பப் பின்னணி இசையைத் தானாக வாசிக்கும் கீபோர்டுகள். இப்படி மாற நினைப்பவர்களுக்கு இரண்டு கருவிகளின் பியானோவையும் சாக்ஸபோனையும் அடுத்தடுத்து வாசித்து ஒப்பிடும் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் டோன் (கருவி தரும் ஒலி) வேறுபாடு காதுக்கு விரைவில் பழகிவிடும். கைக்கும் மனத்துக்கும் எளிதில் பழகாதவை வேறு சில. ஒரு பாட்டைக் கருவி எந்த உருவத்தில் நினைவில் வைத்துக்கொள்கிறது, இடது கை சொல்வதை எப்படிப் புரிந்துகொள்கிறது, நாம் சேர்த்துவைத்த ஸ்டைல்களில் (தானாக ஓடும் பின்னணி இசை வடிவங்கள்) எவ்வளவு கூட வரும் என்பவற்றை விற்பனைக் கையேடுகளின் அட்டவணைகளில் தேடினால் கிடைக்காது. ஆகவே டோன்களைப் பற்றிக் குறைவாகவும் இவற்றைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில், ஏன் மாறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஸ்970 2015-இல் வெளிவந்த கருவி. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் தேடியது ஸ்டைலின் உள்ளமைப்பில் இன்னும் கொஞ்சம் சுதந்திரம். இரண்டு பிராண்டுகளிலும் ஒரு ஸ்டைல் எட்டுப் பாகங்களால் ஆனது. யமஹாவில் அவை இரண்டு ரிதம், ஒரு பேஸ், இரண்டு கார்டு, ஒரு பேட், இரண்டு ஃபிரேஸ். கோர்கில் டிரம், பெர்கஷன், பேஸ், அதன்பின் ஐந்து அக்கம்பனிமென்ட் பாகங்கள். இதுவரை பெயர்தான் வேறு. வேறுபாடு, அந்தப் பாகங்கள் நாம் பிடிக்கும் கார்டுக்கு ஏற்ப மாறும் விதத்தில் இருக்கிறது. யமஹாவில் பொதுவாக ஒரு பாகத்தை சி மேஜர் செவன்த் கார்டில் ஒரு முறை பதிவு செய்கிறோம். அதை மைனராகவோ செவன்தாகவோ மாற்றும் வேலையை என்டிஆர், என்டிடி என்னும் விதிகள் பார்த்துக்கொள்கின்றன. கோர்கிலும் என்டிடி உண்டு. ஆனால் அதற்கு மேல், ஒவ்வொரு வேரியேஷனுக்கும் (ஸ்டைலின் முக்கியப் பகுதிகளில் ஒன்று) ஆறு கார்டு வேரியேஷன்கள் வரை தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். எந்தக் கார்டு பிடித்தால் எது ஒலிக்க வேண்டும் என்பதை ஓர் அட்டவணையில் நாமே குறிக்கலாம்.

இதன் பயன் மைனர் கார்டில்தான் நன்றாகத் தெரியும். மேஜரில் பதிவு செய்த ஒரு கிட்டார் அலங்காரத்தை விதி மைனராக்கும்போது, மூன்றாம் சுரத்தை அரைச் சுரம் இறக்கிக் கொடுக்கும்; இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் ஒரு கிட்டார் கலைஞர் மைனரில் அந்த இடத்தில் அதே வரியை வாசிக்கமாட்டார். கார்டு வேரியேஷன் இருந்தால் மைனருக்கென்று வேறு வரியையே எழுதிவிடலாம். அது வேறு நீளத்திலும் இருக்கலாம். யமஹாவின் ஸ்டைல் கோப்பிலும், பாகங்கள் கார்டைப் பின்பற்றும் விதிகள் அடங்கிய காஸ்ம் என்னும் பகுதியைக் கணினியில் திருத்தி, குறிப்பிட்ட கார்டுகளுக்கு மட்டும் ஒலிக்கும் பாகங்களைச் சேர்க்க முடியும். அதைச் செய்பவர்களைப் பாராட்டுகிறேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கருவியின் திரையிலேயே முடிந்துவிடும் வேலையாக அது வேண்டும் என்று விரும்பினேன். சொந்தமாக ஸ்டைல் எழுதாதவர்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. உடன் வரும் ஸ்டைல்களை அப்படியே வாசிப்பவர், தாம் வாசிக்கும் பாடல்களுக்கு எந்தக் கருவியில் பொருத்தமான ஸ்டைல்கள் அதிகம் என்று மட்டும் பார்த்தால் போதும்.

இனி, பாட்டைச் சேமிக்கும் முறை. மாறியவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. யமஹாவில் எல்லாமே ரெஜிஸ்ட்ரேஷனைச் சுற்றித்தான் சுழல்கிறது. எஸ்970-இல் எட்டு ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தான்கள்; ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டைல், டெம்போ, வலக்கை டோன்கள், இடக்கை டோன், அவற்றின் வால்யூம், எஃபெக்ட், டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்), மல்டி பேட் (பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் சிறு இசைத் துணுக்குகள்) எல்லாம் ஒரே நொடியில் நாம் வைத்த நிலைக்கு வரும். எட்டும் சேர்ந்து ஒரு பேங்க், அதாவது ஒரு கோப்பு. பெரும்பாலோரைப் போல நானும் ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க் என்று வைத்திருந்தேன். முன்னிசைக்கு முதல் பொத்தான், பல்லவிக்கு இரண்டாவது, இடையிசையில் புல்லாங்குழல் வரும் இடத்துக்கு மூன்றாவது என்று பாட்டே பொத்தான்களின் வரிசையாக மனத்தில் பதிந்துவிடும். டோனின் பெயரைக்கூட நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஐந்தாவது பொத்தானில் என்ன வரும் என்பது விரலுக்குத் தெரியும்.

கோர்கில் அதற்கு நேரான ஒன்றைத் தேடினால் கிடைக்காது. அங்கே அடிப்படை அலகு சாங்புக் பதிவு. ஒரு பாட்டுக்கு ஒரு பதிவு. அதற்குள் எந்த ஸ்டைல் அல்லது எந்த மிடி கோப்பு (ஒலியை அல்லாமல் வாசிப்புக் கட்டளைகளைப் பதிந்த கோப்பு), எவ்வளவு டெம்போ, எந்த டிரான்ஸ்போஸ் என்பவை இருக்கும். டோன் அமைப்புகள் கீபோர்டு செட் என்னும் பெயரில் நான்கு இருக்கும். கீபோர்டு செட்டை மாற்றினால் கையின் டோன்கள் மட்டும் மாறும். ஸ்டைல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். யமஹாவில் இதற்கு நெருக்கமானது ஒவ்வொரு ஸ்டைலுடனும் வரும், ஒரே பொத்தானில் டோன்களை அமைக்கும் நான்கு ஒன் டச் செட்டிங்குகள்தான். ஆகவே ரெஜிஸ்ட்ரேஷனை மறந்துவிட்டு, ஒன் டச் செட்டிங்கை விரிவாக்கிப் பாட்டின் பெயரின்கீழ் வைத்தது போன்றது என்று எண்ணிக்கொண்டால் சாங்புக் சட்டென்று புரிந்துவிடும். அதன்பின் அதில் ஓர் ஒழுங்கு தெரியும்: பின்னணி ஒரு பக்கம், கை வாசிக்கும் டோன்கள் இன்னொரு பக்கம். யமஹாவில் இந்தப் பிரிவினை வேண்டுமானால் ஃப்ரீஸ் வசதியைக் கொண்டு, ரெஜிஸ்ட்ரேஷன் மாறும்போது ஸ்டைல் மாறாதபடி நாமே நிறுத்த வேண்டும்.

சிக்கல், நான்கு கீபோர்டு செட் போதாத பாட்டில் வருகிறது. எட்டுப் பொத்தான்களையும் நிரப்பிப் பழகிய ஒரு பாட்டை நான்குக்குள் அடக்கும்போது, எது உண்மையில் தேவை என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. எட்டில் சில, வால்யூமை மட்டும் கூட்டிக் குறைக்கவே இருந்தன. அவற்றை எக்ஸ்பிரஷன் பெடலுக்கு விட்டுவிட்டேன். சில, முதல் டோனுடன் இரண்டாவது டோனைச் சேர்ப்பதற்காக மட்டும் இருந்தன. கோர்கில் வலக்கைக்கு மூன்று அப்பர் பாகங்கள் இருப்பதால், மூன்றையும் ஏற்றிவைத்து, தேவையில்லாததை மியூட் செய்து, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். இப்படிக் கழித்த பிறகு பெரும்பாலான பாடல்கள் நான்கில் அடங்கின. அடங்காதவை, நடுவில் தாளமே மாறும் பாடல்களும் பல பாடல்களைக் கோத்து வாசிக்கும் தொகுப்புகளும். யமஹாவில் அடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தானை அழுத்தினாலே ஸ்டைலும் மாறிவிடும். இங்கே அப்படிப்பட்ட பாட்டை இரண்டு சாங்புக் பதிவுகளாகப் பிரித்து, செட் லிஸ்டில் அடுத்தடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் யமஹாவின் முறைதான் எளிது என்பது இன்றும் என் கருத்து. தேடுவதில் கோர்க் முந்துகிறது: பதிவுகளைப் பெயர், வகை, சுருதி, டெம்போ என்று வடிகட்டலாம், கோப்புறைகளுக்குள் கோப்புறை திறந்து பேங்க்கைத் தேடிய பழக்கத்துக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டிலும் பொதுவான ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷனோ சாங்புக் பதிவோ ஸ்டைலைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. அது இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துவைத்திருக்கிறது. யமஹாவில் யுஎஸ்பி நினைவகத்தில் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினால், அதைச் சுட்டிய ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டைலை எடுக்காது. கோர்கில் யூசர் பேங்க்கின் ஓரிடத்தில் இருந்த ஸ்டைலின் மேல் இன்னொன்றை எழுதினால், பழைய பாட்டு அந்தப் புதிய ஸ்டைலை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழைக்கும். எனவே மாறும்போது முதலில் யூசர் ஸ்டைல்களின் இடங்களை முடிவு செய்துவிட்டு, அதன்பின் சாங்புக்கைக் கட்டுவதே சரியான வரிசை.

இடது கைக்கு வருவோம். முழுக் கார்டையும் மூன்று நான்கு விரல்களால் பிடிப்பவருக்கு எந்தப் பிராண்டிலும் சிரமம் குறைவு. கார்டை உணரும் முறைக்குச் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். சுருக்க முறையில் பிடிப்பவர்தான் கவனிக்க வேண்டும். யமஹாவின் ஒற்றை விரல் முறையில் மூலச் சுரத்துடன் இடப்பக்கம் உள்ள கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர், வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த், இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். கேசியோவின் முறையில் மூலச் சுரத்துக்கு வலப்பக்கம் ஏதாவது ஒரு கட்டை சேர்ந்தால் மைனர், இரண்டு சேர்ந்தால் செவன்த், மூன்று சேர்ந்தால் மைனர் செவன்த். ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் தவறான கார்டைத்தான் கொடுக்கும். அதுவும் மேடையில் வாசிக்கும்போதுதான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். மாறுவது என்று முடிவு செய்தவர்கள் அந்த வேளையிலேயே முழுக் கார்டு பிடிக்கும் முறைக்கும் சேர்ந்து மாறிவிடுவது நல்லது. அதன்பின் எந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்தாலும் கை ஒன்றுதான்.

கார்டின் அடிச் சுரத்தைப் பேஸ் பின்பற்ற வேண்டும் என்றால், யமஹாவில் ஃபிங்கர்டு ஆன் பேஸ் என்னும் முறையைத் தேர்ந்தெடுப்போம். கோர்கில் அதற்குப் பேஸ் இன்வர்ஷன் என்று தனி வசதி இருக்கிறது. சி கார்டை ஈ அடியில் வைத்துப் பிடித்தால் பேஸும் ஈ வாசிக்கும். கோர்க் தரும் எக்ஸ்பர்ட் முறையில் மூலச் சுரமே இல்லாத கார்டுகளையும் கருவி புரிந்துகொள்ளும். ஜாஸ் பிடிகள் பழகியவர்களுக்கு அது உதவும், மற்றவர்களுக்கு எதிர்பாராத கார்டுகளைத் தந்து குழப்பும்.

எனக்குப் பிடித்துப்போன வேறுபாடு கோர்கின் மெமரி பொத்தான். யமஹாவில் இடது கையை எடுத்த பிறகும் கடைசியாகப் பிடித்த கார்டில் பின்னணி ஓடிக்கொண்டே இருக்கும். கையை எடுத்ததும் நிற்க வேண்டுமானால் சின்க் ஸ்டாப் போட வேண்டும், அப்போது தாளமும் சேர்ந்து நின்றுவிடும். கோர்கில் மெமரியை அணைத்துவைத்தால், கையை எடுத்ததும் கார்டு விலகிவிடும். தாளம் மட்டும் தொடரும். பாட்டின் ஓரிடத்தில் பின்னணி முழுவதும் ஒதுங்கி, தாளத்தின் மேல் குரல் மட்டும் நிற்க வேண்டுமென்றால், எந்தப் பொத்தானையும் தேடாமல் கையை மெல்ல எடுத்தாலே போதும். ஆனால் கார்டு மாற்றும்போது கையைச் சற்றே முன்கூட்டி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே வசதி தொல்லையாகும். பின்னணியில் ஓட்டைகள் கேட்கும். அவர்கள் மெமரியைப் போட்டே வைத்திருக்கலாம்.

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: பழைய ஸ்டைல்கள் என்ன ஆகும்? யமஹாவின் ஸ்டைல் கோப்புக்கும் கோர்கின் ஸ்டைல் பேங்க் கோப்புக்கும் பெயரின் இறுதியில் வரும் மூன்று எழுத்துகள் ஒன்றே என்பதால், அப்படியே ஏற்றிவிடலாம் என்று நம்புபவர்கள் உண்டு. உள்ளே இருப்பவை முற்றிலும் வேறு. ஒன்றின் கோப்பை மற்றொன்று படிக்காது. மாற்றித் தரும் கணினி மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவை என்ன செய்கின்றன என்று புரிந்துகொண்டால்தான், அவற்றிடம் எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதும் புரியும்.

யமஹா ஸ்டைல் என்பது அடிப்படையில் ஒரு சாதாரண மிடி கோப்பு. அதன் வாலில் காஸ்ம், ஒன் டச் செட்டிங் போன்ற கூடுதல் பகுதிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கோப்பின் பெயரிறுதியை மிடி என்று மாற்றிக் கணினியில் இசைத் தொகுப்பு மென்பொருளில் திறந்தால், மெயின் ஏ, மெயின் பி, ஃபில் இன் (இடையில் வரும் சிறு நிரப்பு), எண்டிங் என்று குறிகள் இட்டு எல்லாப் பகுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். கோர்கின் ஸ்டைல் ரெக்கார்டு பகுதியில் மிடி கோப்பை இறக்குமதி செய்யும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நாம் செய்ய வேண்டியது சேனல்களை இடம் மாற்றுவதும் குறிகளைக் கோர்கின் வழக்கத்துக்கு மாற்றி எழுதுவதும். யமஹாவில் 9, 10 ஆகிய சேனல்கள் ரிதம், 11 பேஸ், 12 முதல் 16 வரை மற்ற ஐந்து. கோர்கில் 9 பேஸ், 10 டிரம், 11 பெர்கஷன், 12 முதல் 16 வரை மற்ற ஐந்து. ஆகவே 9-ஐயும் 11-ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் பாகங்கள் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன. குறிகளில் வேரியேஷன் எண்ணும் கார்டு வேரியேஷன் எண்ணும் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். இறக்குமதி செய்த பிறகு, அந்தப் பாகங்கள் எந்தக் கார்டில் பதிவானவை என்பதையும் கருவிக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது சி மேஜர் செவன்த். இதைச் சொல்லாமல் விட்டால் பேஸும் கிட்டாரும் ஒத்துப்போகாத சுரங்களில் வாசிக்கும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஸ்டைல் பழைய மாதிரி ஒலிக்காது. சுரங்களும் அவற்றின் நேரமும் வந்துவிட்டன. அவற்றுக்குப் பொருள் கொடுத்த டோன்கள் வரவில்லை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு யமஹாவின் மெகா வாய்ஸ். ஸ்டைலில் வரும் கிட்டாரும் பேஸும் பெரும்பாலும் இந்த வகை டோன்களில் எழுதப்பட்டவை. சாதாரண டோனில் வெலாசிட்டி (கட்டை அழுந்தும் வேகத்தின் எண்) என்பது ஒலியின் அழுத்தம். மெகா வாய்ஸில் அது வாசிக்கும் முறையைக் குறிக்கிறது. ஒரு வரம்புக்குள் இருந்தால் திறந்த தந்தி, அடுத்த வரம்பில் அடக்கிய தந்தி, அதற்கு மேல் தட்டல், சறுக்கல், ஹார்மோனிக் என்று போகும். மிக உயர்ந்த சுரங்களில் சுரமே இருக்காது. தந்தியை வருடும் ஓசையும் விரல் நகரும் ஓசையும் வைக்கப்பட்டிருக்கும். இதே தரவை வேறு பிராண்டின் சாதாரண கிட்டார் டோனுக்குக் கொடுத்தால், அடக்கி வாசிக்க வேண்டிய இடத்தில் ஓங்கி அடிக்கும். விரல் ஓசை வர வேண்டிய இடத்தில் கீச்சென்ற ஓர் உச்சச் சுரம் கேட்கும். மாற்றும் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பாகத்தை அழித்துவிட்டுக் கோர்கின் கிட்டார் மோடில் புதிதாக எழுதுவதே வழி.

தாளத்திலும் இதே கதை, கொஞ்சம் குறைவாக. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பொது மிடி ஒழுங்கு வகுத்த 35 முதல் 81 வரையிலான எண்களில் பேஸ் டிரம், ஸ்னேர், ஹைஹாட், காங்கா எல்லாம் எந்தப் பிராண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். அதற்குக் கீழும் மேலும் உள்ள கட்டைகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒலிகளை வைத்திருக்கிறது. சிறப்புத் தாளக் கருவிகளுக்கான கிட் என்றால் அந்தப் பொது வரிசைகூட இருக்காது. ஒரு கிட்டில் உள்ளங்கைத் தட்டாக ஒலித்தது இன்னொன்றில் மணியாக ஒலிக்கும். கட்டை கட்டையாகக் கேட்டு இடம் மாற்றுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஆகவே நான் எடுத்த முடிவு, சேர்த்துவைத்திருந்த ஸ்டைல்களில் உண்மையில் வாசிப்பவற்றை மட்டும் பிரித்து, அவற்றிலும் கோர்கில் ஏற்கெனவே நெருக்கமான ஸ்டைல் இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மீந்த சிலவற்றின் டிரம் பாகத்தையும் பேஸ் வரியையும் மட்டும் கொண்டுவந்து மற்றதைப் புதிதாக எழுதுவது. மொத்தமாக மாற்றி ஏற்றிய ஆயிரம் ஸ்டைல்களைவிட இப்படிக் கட்டிய பத்து ஸ்டைல்கள் மேடைக்கு உதவும். வாசிக்காத ஸ்டைல்களைச் சுமந்து திரிவது நம்மில் பலருக்கும் ஒரு வகைச் சேமிப்பு ஆசை என்றே சொல்வேன்.

மிடி பாடல் கோப்புகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1991-இல் வந்த பொது மிடி ஒழுங்கின்படி எழுதப்பட்டவை எங்கும் ஓடும். யமஹா 1994-இல் கொண்டுவந்த எக்ஸ்ஜி என்னும் விரிவாக்கத்துக்கே உரிய கூடுதல் டோன்களையும் எஃபெக்ட் கட்டளைகளையும் பயன்படுத்திய கோப்புகளில் மட்டும் டோன்களை மறுபடி தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டியிருக்கும்.

டோன்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இரண்டு பிராண்டுகளிலும் உயிரோட்டமான தனிக் கருவி டோன்கள் இருக்கின்றன. யமஹாவில் சூப்பர் ஆர்ட்டிகுலேஷன், கோர்கில் டிஎன்சி. எஸ்970-இல் சுரங்களை விடாமல் இணைத்து வாசிக்கும் விதமும் விரல் விழும் வேகமும் பெடலும் அந்த நுணுக்கங்களை எழுப்பின. பிஏ1000-இல் அவற்றோடு ஜாய்ஸ்டிக்கும், நாமே வேலை ஒதுக்கும் சுவிட்சுகளும், கட்டையை அழுத்திய பின் மேலும் அழுத்தினால் உணரும் ஆஃப்டர்டச்சும் சேர்கின்றன. பிட்ச் வீல், மாடுலேஷன் வீல் என்று இரண்டு சக்கரங்களில் பழகிய இடது கட்டைவிரலுக்கு ஜாய்ஸ்டிக் முதலில் அந்நியமாக இருக்கும். சுரத்தை வளைக்கும்போது தெரியாமல் மேலே தள்ளி அதிர்வைச் சேர்த்துவிடும். ஒரு டோனை எடுத்து அதை மட்டும் நாள்தோறும் வளைத்து வளைத்துப் பழகுவதைத் தவிர வேறு பயிற்சி இதற்கு இல்லை. பழகிவிட்டால், வளைவையும் அதிர்வையும் ஒரே அசைவில் சேர்க்க முடிவது குழலிலும் வயலினிலும் பெரிய வரம்.

சின்னச் சின்ன வேறுபாடுகள் இன்னும் உள்ளன. நடு சி சுரத்தை யமஹா சி3 என்று எழுதுகிறது, கோர்க் சி4 என்று எழுதுகிறது. ஸ்பிளிட் இடத்தை (கட்டைகளை இடக்கைக்கும் வலக்கைக்கும் பிரிக்கும் சுரம்) பழைய குறிப்பேட்டைப் பார்த்து அமைத்தால் ஓர் ஆக்டேவ் தள்ளிப் போய்விடும். பெடல்களின் உள்ளிணைப்பு பிராண்டுக்கு பிராண்டு மாறலாம். மிதிக்காதபோது ஒலி நீண்டு, மிதித்ததும் அறுந்தால் பெடல் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்; துருவம் தலைகீழாக இருக்கிறது, அமைப்புப் பக்கத்தில் மாற்றிவிடலாம். கட்டையின் தொடு உணர்வும் வேறு. முதல் வாரமே கடினம், மென்மை என்று டச் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல், நடுநிலையில் வைத்துக் கை தானாகப் பழக இடம் கொடுப்பது நல்லது. எஸ்970-இன் திரையைச் சுற்றிப் பொத்தான்கள் உண்டு. பார்க்காமலே விரல் அவற்றைத் தேடிப் பிடிக்கும். தொடுதிரையில் அது முடியாது; கண் ஒரு கணம் திரைக்குப் போயாக வேண்டும். அதனால் வாசிக்கும்போது தேவைப்படுபவை எல்லாவற்றையும் கீபோர்டு செட்டுகளிலும் அசைனபிள் சுவிட்சுகளிலும் பெடலிலும் முன்கூட்டியே வைத்துவிட்டு, திரையைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மட்டும் தொடுகிறேன்.

மாற நினைப்பவர்கள் பழைய கருவியைக் கொடுத்துவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வாசிக்கும் ஒவ்வொரு பாட்டையும் பழைய கருவியில் ஒரு முறை முழுதாக வாசித்து ஆடியோவாகப் பதிவு செய்து, டெம்போ, டிரான்ஸ்போஸ், எந்தப் பகுதியில் எந்த டோன், எந்த இடத்தில் ஃபில், எந்த எண்டிங் என்பவற்றை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். புதிய கருவியில் பாட்டைக் கட்டும்போது ரெஜிஸ்ட்ரேஷன் கோப்பு எதற்கும் உதவாது. இந்தக் குறிப்பும் அந்தப் பதிவும்தான் உதவும். குறிப்பாக வால்யூம் சமநிலை: பின்னணிக்கு மேல் மெல்லிசை எவ்வளவு உயர்ந்து நின்றது என்பது எண்ணில் எழுதக்கூடியதல்ல, ஏனென்றால் ஒரு பிராண்டின் 100 இன்னொரு பிராண்டின் 100 ஆகாது. பழைய ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் அதை அமைக்க முடியும். பணம் கொடுத்து வாங்கிய ஒலித் தொகுப்புகள் பெரும்பாலும் அந்தக் கருவியின் அடையாளத்தோடு பிணைக்கப்பட்டவை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவி போனால் அவையும் போய்விடும்.

நான் எஸ்970-ஐக் கொடுக்கவில்லை. அதன் சாக்ஸபோன் டோன் ஒன்று எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. பிஏ1000-இன் மிடி வெளியீட்டை அதன் உள்ளீட்டில் இணைத்து, ஒரு சேனலை மட்டும் அதன் ரைட் 1 பாகத்துக்குக் கொடுத்து, மற்ற சேனல்களை மூடிவைத்திருக்கிறேன். கோர்கின் கட்டையில் வாசித்தால் யமஹாவின் சாக்ஸபோன் பேசுகிறது; சுரங்களை இணைக்கும்போது வரும் சறுக்கலும் கூட வருகிறது. டோன் தேர்வை மட்டும் எஸ்970-இன் பக்கத்திலேயே செய்துவிடுகிறேன், கோர்க் அனுப்பும் புரோகிராம் எண்கள் அங்கே வேறு டோனை எடுத்துவிடும் என்பதால். ரெஜிஸ்ட்ரேஷன் பேங்க்குகளில் இன்னும் பாதிக்கு மேல் சாங்புக்குக்கு வரவில்லை. யாராவது கேட்கும் பாட்டை அந்த வாரத்தில் கட்டிக்கொள்கிறேன். கேட்கப்படாதவை யுஎஸ்பியில் இருக்கின்றன.